லைட் க்யூர் பெரியோ பேக்: எம்.டி.டி. முடிவு ஒவ்வொரு தடவையும் மாறுகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். பெரியோவில் (ஈறு சிகிச்சைத் துறை) எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) இறுதி ஆண்டு படிக்கிறேன். ஈறு அறுவைக்குப் பின் காயத்தின் மேல் வைக்கும் லைட் க்யூர் பேக்கை (ஒளி பட்டால் இறுகும் ரெசின், யூரித்தேன் டைமெத்அக்ரிலேட் வகை) எல்929 என்ற எலி செல்களில் சோதிக்கிறேன். 3 மி.மீ. தடிமன் வில்லைகள், மேலிருந்து மட்டும் ஒளி கொடுத்தேன். 70% எத்தனாலில் ஊறவைத்துக் கிருமி நீக்கி, 37 டிகிரியில் 24 மணி நேரம் மீடியத்தில் (செல் வளர்க்கும் திரவம்) வைத்து, அந்தச் சாற்றைச் செல்களுக்குக் கொடுத்து, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்கும் எம்.டி.டி. சோதனை செய்தேன். முதல் தடவை 41% செல்கள்தான் பிழைத்தன, அடுத்த தடவை 63%. சாறு கொடுக்காமல் செல் மட்டும் உள்ள கன்ட்ரோல் நன்றாக இருக்கிறது. தவறு பேக்கிலா, என் கையிலா? அடுத்த வாரம் கைடிடம் காட்ட வேண்டும், தூக்கமே வரவில்லை.

பதில் 1:
எத்தனாலை முதலில் நிறுத்துங்கள். அது ரெசினுக்குள் புகுந்து ஊதவைக்கும், இறுகாமல் மீதமுள்ள மூலப்பொருளான மோனோமரை வெளியே இழுக்கும். வில்லையில் தங்கும் எத்தனாலே செல்லைக் கொல்லும், அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வோர் அளவு தங்கும். 41, 63 என்று ஆடுவதற்கு எனக்கு இதுதான் காரணமாகத் தெரிகிறது. சுத்தமான கருவிகளோடு ஹூட்டுக்குள்ளேயே (கிருமியற்ற காற்றுள்ள பெட்டி) வில்லை செய்யுங்கள். சாறும் எம்.டி.டி.யும் மட்டும் உள்ள, செல் இல்லாத கிணறுகளையும் (சோதனைத் தட்டின் குழிகள்) வையுங்கள், சாறே நிறம் தருகிறதா என்று தெரியும்.

பதில் 2:
மேற்பரப்பு பிசுபிசுக்கிறதா? காற்றின் ஆக்சிஜன் அங்கே மோனோமர் இறுகிப் பாலிமர் ஆவதைத் தடுக்கும். மைலார் ஸ்டிரிப் (ஒளி புகும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) வைத்து, இரண்டு பக்கமும் ஒளி கொடுங்கள். பிழைக்கும் செல்கள் 70% தாண்டிவிடும்.

பதில் 3:
மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. ஐ.எஸ்.ஓ. 10993-5 (மருத்துவப் பொருள் செல்லுக்கு நஞ்சா என்று சோதிக்கும் தரநிலை) எல்லையாகச் சொல்லும் அந்த 70%ஐத் தாண்டுவதற்காக வில்லையை மாற்றினால், நோயாளி வாயில் வைக்காத ஒரு பொருளைச் சோதித்ததாகிவிடும். வாயில் ஒளி மேலிருந்துதான் வருகிறது. காயத்தைத் தொடுவது அடிப்பக்கம், ஒளி மிகக் குறைவாகப் போய்ச் சேரும் பக்கம். அங்கேதான் மோனோமர் அதிகம் மிஞ்சும். ஆகவே மேலிருந்து மட்டும் ஒளி கொடுத்த குழுவை விடாதீர்கள் தங்கச்சி. இரண்டு பக்கமும் ஒளி கொடுத்தது தனிக் குழுவாக இருக்கட்டும். அப்புறம் ஒளிக் கருவியை ரேடியோமீட்டரில் (ஒளியின் வலிமை அளக்கும் கருவி) அளந்து, அதன் முனை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி எல்லோருக்கும். எத்தனால் இல்லாமல் இரண்டு தடவை செய்தேன், இப்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல வருகின்றன. மேலிருந்து மட்டும் ஒளி கொடுத்த குழு இன்னும் 70%க்குக் கீழேதான் நிற்கிறது. அதை அப்படியே கைடிடம் காட்டப்போகிறேன்.