வெள்ளமும் வந்தது, கிணறும் உவர்த்தது

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும்தான் ஓடும். குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க, எல்லாவற்றுக்கும் கிணறுதான். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கிய மழைநீர்தான் அந்தக் கிணற்றுத் தண்ணீர். அது கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. காலநிலை மாற்றம் என்றதும் கடல் பெருகிக் கரையை விழுங்கும் என்று சொல்வார்கள். எங்கள் ஊரில் கடல் கிணற்றுக்குள்ளால் வருகிறது.

2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது ஊரில் நின்றேன். வலிகாமத்தில் மாமாவின் தோட்டம் முழுக்க வெள்ளம். நட்டுக் கொஞ்ச நாளே ஆன வெங்காயம் அப்படியே அழுகிப்போனது. விதை வெங்காயம் வாங்க அடைவு வைத்த மாமியின் சங்கிலி மீளவேயில்லை.

அடுத்த வைகாசியில் போனபோது அதே கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க உவர்த்தது. இவ்வளவு மழை பெய்தும் ஏன் மாமா என்று கேட்டேன்.

"எல்லாம் ரெண்டு மூண்டு நாளிலதானே தம்பி கொட்டினது. நிலம் குடிக்க முந்தியே கடலுக்குப் போட்டுது. முந்தி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எண்டு ஆறுதலாப் பெய்யும். இப்ப கனநேரம் மோட்டர் விட்டா உப்புச் சவர் ஏறுது."

நான் கண்டதில் மிகவும் பயமுறுத்துவது இதுதான். மழை குறைந்தால் வறட்சி என்று தெரியும். மழை கொட்டித் தீர்த்த வருடத்திலேயே தண்ணீர் கெட்டுப்போவதற்கு என்ன செய்வது? பழியை முழுக்க வானத்தின் மேல் போடவும் முடியாது. குளங்களை மூடி வீடு கட்டினோம், முற்றத்துக்குச் சீமெந்து போட்டோம், துலா இருந்த இடத்தில் மோட்டர் வைத்தோம். முன்பு சமாளித்த நிலத்தால் இப்போது பெய்யும் மழையைச் சமாளிக்க முடியவில்லை.

தீவுப்பகுதியில் இருக்கும் அக்கா வீட்டில் நிலைமை இன்னும் மோசம். குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வரும் நாளில் வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் நிற்கவேண்டும். தாளையடியில் 2024இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தது பெரிய ஆறுதல். ஆனால் அந்தத் தண்ணீரைத் தோட்டத்துக்கு இறைக்க முடியாதே! அதே ஆண்டு நவம்பரில் மறுபடியும் வெள்ளம். மலக்குழியும் கிணறும் ஒன்றாகக் கலந்து, குளோரின் போட்டு இறைத்துத் துப்புரவாக்கும்வரை பக்கத்து வீட்டார் கிணற்றில் வாளி போடவேயில்லை.

எங்கள் ஊர்ப் பொடியள் சேர்ந்து கோயில் குளத்தைத் தூர்வாரியிருக்கிறார்கள். ஆடி மாதம்வரை தண்ணீர் நிற்கிறது, சுற்றியுள்ள கிணறுகளிலும் சவர் கொஞ்சம் குறைவு என்கிறார் மாமா. ஆனால் ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சின்னக் குளத்தில் மண் கொட்டத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் ஊரில் இப்படி நடந்து, யாராவது தடுத்திருந்தால் எப்படித் தடுத்தீர்கள் என்று எழுதுங்கள். ஐப்பசிக்கு முன் ஏதாவது செய்யவேண்டும்.