புதுப்பிப்பு: இடது கால் நரம்புச் சுருட்டல், லேசர் முடிந்து ஆறு வாரம்

ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிறேன், கெண்டைக்காலில் நரம்பு புடைத்து மாலையானால் கணுக்கால் வீங்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"நிற்க வைத்து டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுங்கள்" என்ற யோசனைதான் உதவியது. (பெயர்தான் நரம்பு, கோளாறு சிரையின், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாயின், வால்வில்.) ரத்தம் அரை நொடிக்கு மேல் கீழே திரும்பினாலே கோளாறாம், எனக்கு 3 நொடி. இறுக்கமான காலுறை வீக்கத்தைக் குறைத்தது, புடைப்பை அல்ல. கடைசியில் லேசரால் சிரையை உள்ளிருந்தே சூடாக்கி அடைத்தார்கள். மரத்துப்போக ஊசி மட்டும்தான். அன்றே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எதிர்பாராதது, ஒரு வாரம் கழித்துத் தொடைக்குள் கயிறு இழுப்பதுபோல் வலி. அடைத்த சிரை சுருங்கும்போது வருவதுதானாம். பத்து நாளில் போய்விட்டது. அப்புறம், காலுறையைக் காலையில் எழுந்ததுமே மாட்டிவிடுங்கள். வீங்கிய பிறகு ஏறவே ஏறாது.