தொக்கோங் லாவுட்டில் முக்குளித்துவிட்டு அன்றே சுங்கை சிப்புட் திரும்பலாமா?

செம்பனைக்காரன்:
வணக்கம். அடுத்த மாதம் மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போகிறோம். 18 மீட்டர் வரைக்கான முக்குளிப்பு (ஸ்கூபா) சான்றிதழ் இருக்கிறது. அங்கே கடலில் இருக்கும் தொக்கோங் லாவுட் பாறைத்திட்டைப் பார்க்கத்தான் இவ்வளவு ஆசையும். ஞாயிறு காலை கடைசியாக ஒருமுறை இறங்கிவிட்டு, மதியம் கோல பெசுட் படகுத்துறையில் காரை எடுத்தால் ஜெலி, கிரிக் வழியாக இரவுக்குள் சுங்கை சிப்புட் வந்துவிடலாம். திங்கள் காலை தோட்டத்தில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) நிற்க வேண்டும். விமானம் ஏறப்போவதில்லை, சிக்கல் இருக்காதுதானே?

டிரெசர் மகன்:
தம்பி, விமானம் ஏறாவிட்டாலும் மலை ஏறுகிறீர்களே! நீங்கள் சொல்லும் ஜெலி, கிரிக் பாதையான கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை தித்திவங்சா மலைத்தொடரில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழாகி மூட்டுகளையும் நரம்பையும் பதம் பார்த்துவிடும். 600 மீட்டரைத் தாண்டினாலே விமானத்துக்குச் சொல்லும் கணக்குதான்: பலமுறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கோலாலம்பூர் பக்கம் காராக் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றினாலும் மலைதான். சனி மதியத்தோடு முடித்துக்கொண்டு ஞாயிறு மதியம் கிளம்புங்கள்.

இன்னொன்று. தொக்கோங் லாவுட்டில் நீரோட்டம் இழுக்கும்போது கை தானாகப் பாறையைத் தேடும். பிடித்துவிடாதீர்கள். தேள்மீன் பாசி படிந்த கல்லாகவே கிடக்கும்; கண் அசைந்தால்தான் மீன் என்று தெரியும். முள் குத்தினால் ஐஸ், மஞ்சள் பற்று எதுவும் வேண்டாம். பொறுக்கக்கூடிய வெந்நீரில், 45 டிகிரிக்கு மிகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பார்க்க வேண்டியது மூங்கில் சுறா. இடுக்கில் தலையை நுழைத்து, வால் மட்டும் வெளியே தெரியப் படுத்திருக்கும். சுற்றிலும் ஊதா நிறத்தில் மென்பவளம். அந்த வாலை இழுத்துப் பார்க்கிற ஆட்களும் உண்டு. அப்படிப்பட்டவர்களோடு நான் படகு ஏறுவதே இல்லை.

பால்மரத்து வீடு:
அண்ணன் சொல்வது சரி. லீவு கிடைக்கவில்லை என்று தீபாவளிக்குத் தள்ளிவிடாதீர்கள். நவம்பரில் பருவமழை வந்துவிட்டால் விடுதிகளையே மூடிவிடுவார்கள்.

செம்பனைக்காரன்:
நன்றி அண்ணே. சனிக்கிழமையோடு முடித்துக்கொள்கிறோம். ஞாயிறு காலை சும்மா இருக்க மனம் வராதே, ஸ்நோர்க்கல் (மூச்சுக்குழாய்) போட்டு மிதக்கலாமா?

டிரெசர் மகன்:
தாராளமாக. மேலாக மிதப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூச்சடக்கி ஆழம் போகும் விளையாட்டு அன்றைக்கு வேண்டாம்.