20 விதை போட்டேன், 3தான் முளைத்தது: சதுப்புச் செம்பருத்தி வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கீழக்கரைக்காரி:
நியூ ஜெர்சியில் இருக்கும் மதினி வந்தபோது சதுப்புச் செம்பருத்தி விதை கொண்டுவந்து கொடுத்தார். பூ சோற்றுத் தட்டு அகலம் இருக்குமாம், போட்டோ பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஒரு ராத்திரி ஊறவைத்து, குழித்தட்டில் தென்னை நார்க்கழிவு நிரப்பிப் போட்டேன். 3 வாரம் ஆச்சு. முளைத்த மூன்றிலும் இலை ஓரம் கருகுகிறது. ஊற்றுவது வீட்டு போர் தண்ணீர். என்ன தப்பு?

உச்சிப்புளி தோட்டம்:
அக்கா, முளைக்காததைத் தோண்டிப் பாருங்கள். நசுங்காமல் மிளகு மாதிரி கெட்டியாக இருந்தால் அது சாகவில்லை, தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். உப்புத்தாளில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை லேசாகத் தெரியும்வரை தேயுங்கள், தழும்பு இருக்கும் பக்கம் வேண்டாம், முளை அங்கேதான் கிளம்பும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி. காலையில் உப்பியதை மட்டும் கால் அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள், உப்பாததை மறுபடி தேயுங்கள்.

தொண்டி மாடி:
கருகலுக்குக் காரணம் உப்பு, லாத்தா. அமெரிக்காவில் இது கடலோரச் சதுப்பிலும் வளர்கிற செடிதான், வளர்ந்த பிறகு கொஞ்சம் உப்பைத் தாங்கும், ஆனால் இரண்டு இலைப் பருவத்தில் நம்ம ஊர் போர் தண்ணீர் ரொம்ப அதிகம். நார்க்கழிவிலும் உப்பு உண்டு, நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகே தட்டில் போடுங்கள். காவிரிக் குடிநீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ ஊற்றுங்கள். காயவே விடாதீர்கள், வளர்ந்த பிறகு தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிறுத்தினாலும் அழுகாது.

மண்டபம் வாசி:
முளைப்பதை விடப் பூக்க வைப்பதுதான் சிரமம், இதை யாரும் சொல்வதில்லை. இது நீண்ட பகல் இருந்தால்தான் மொட்டு வைக்கும். நமக்கு ஆனி மாதத்தில்கூடப் பகல் 12 மணி 45 நிமிடத்தைத் தாண்டாது. அதனால் இருட்டிய பிறகும் 3, 4 மணி நேரம் செடிக்கு மேல் ஒரு எல்இடி பல்பு எரியட்டும். பூ ஒரே நாளில் வாடும், மறுநாள் அடுத்தது விரியும். மார்கழி வாக்கில் தண்டு காய்ந்து போனாலும் பிடுங்கிவிடாதீர்கள், வேர் உயிரோடு இருந்தால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

கீழக்கரைக்காரி:
தோண்டினேன், 11 விதை கல்லாட்டம் கிடந்தது. தேய்த்து ஊறவைத்ததில் இன்று காலை 8 உப்பியிருக்கிறது, ஒன்றில் வெள்ளை முனைகூட எட்டிப் பார்க்கிறது! நார்க்கழிவு அலசிய தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. குடிநீர் நாள் விட்டு நாள்தான் வருகிறது, ஒரு குடம் இதற்கென்றே எடுத்துவைத்துவிட்டேன். மொட்டைமாடிப் படிக்கட்டு பல்புக்குக் கீழே தொட்டி வைத்தால் போதுமா, மண்டபம் அண்ணே?