ஜிம் தோர்ப்: கல்லூரி ஃபுட்பாலின் முதல் நாயகனா, ஊதிப் பெருத்த கதையா?

தோல்பந்து:
கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலைச் சொல்கிறேன், சாக்கரை அல்ல. கல்லூரி ஆட்டத்தில் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள் யார் என்று கேட்டால் நூறு ஆண்டுக்கு முன் ஆடிய அமெரிக்கப் பூர்வகுடி வீரர் ஜிம் தோர்ப் என்று சொல்லிவிட்டு அதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை.

முதலாவது, கணக்கு இல்லை. கல்லூரி விளையாட்டுகளுக்கான என்.சி.ஏ.ஏ. அமைப்பு ஃபுட்பால் புள்ளிவிவரத்தை முறையாகச் சேர்க்கத் தொடங்கியதே 1937-இல்தான். தோர்ப் ஆடியது 1907, 1908, பிறகு 1911, 1912. கடைசி ஆண்டில் 25 டச் டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது) என்று ஒருவர் எழுதுகிறார், இன்னொருவர் அதற்கும் மேல் என்கிறார். இரண்டாவது, அவர் ஆடிய கார்லைல் ஒரு கல்லூரியே அல்ல. பென்சில்வேனியாவில் அரசு நடத்திய இந்தியத் தொழிற்பள்ளி (அமெரிக்கப் பூர்வகுடியினரைத்தான் அன்று இந்தியர் என்றார்கள்). நடுவில் இரண்டு ஆண்டு வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து, முழு வளர்ச்சியடைந்த ஆளாக மாணவர்களோடு மோதியவர்.

இல்லினாய் பல்கலைக்கழக அணியின் ரெட் கிரேஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். 1924 அக்டோபர் 18, இல்லினாய் மைதானம், எதிரணி மிச்சிகன். முதல் 12 நிமிடத்தில் நான்கு டச் டவுன். ஆட்டம் 39–14 என்று முடிந்தது. இதில் யாரும் எதையும் கூட்டவோ குறைக்கவோ தேவையில்லை. மனிதனைவிடக் கதை பெரிதாகிவிட்டால் நாம் கதைக்குத்தான் மாலை போடுகிறோம்.

லீஹை நதிக்கரை:
தோல்பந்து, கல்லூரி அல்ல என்று நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அது உங்கள் வாதத்துக்கு எதிராக அல்லவா போகிறது? அந்தப் பள்ளியில் இருந்தவர்களே சுமார் ஆயிரம் பேர். அதில் சிறுமிகள், சிறு பிள்ளைகள் எல்லாம் சேர்த்தி. அந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து ஓர் அணியைத் திரட்டி ஹார்வர்டு, பென்சில்வேனியா, சிரக்யூஸ் என்று பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதினார்கள். அதுவும் பெரும்பாலும் எதிரணியின் ஊருக்கே ரயிலேறிப் போய்.

1911-இல் ஹார்வர்டை 18–15 என்று ஜெயித்தார்கள். தோர்ப் காலில் கட்டுப்போட்டுக்கொண்டு ஆடி நான்கு ஃபீல்டு கோல் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) அடித்தார். அன்றைய விதிப்படி ஒன்றுக்கு மூன்று புள்ளி. பதினெட்டில் பன்னிரண்டு அந்தக் காலிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு நவம்பர் 9, வெஸ்ட் பாயின்டில் ராணுவ அகாடமியை 27–6. எதிரணியில் ஐசன்ஹோவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. தோர்ப் 92 யார்டு ஓடிப் போட்ட டச் டவுனை நடுவர் செல்லாது என்றார். அடுத்த உதையையும் பிடித்து 97 யார்டு ஓடினார். இதைக் கேட்டும் உங்களுக்கு மனம் அசையவில்லை என்றால் என்ன சொல்வது!

தோல்பந்து:
அந்த 92, 97 கதைதான் என் முழுப் புகாரும். சொல்பவருக்குச் சொல்பவர் அது மாறுகிறது. அன்று மூன்று டச் டவுன் போட்டவர் அலெக்ஸ் ஆர்காசா. அவர் பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? தோர்ப் அன்று அபாரமாக ஆடினார், மறுக்கவில்லை. ஆனால் ஆர்காசாவின் உழைப்பையும் சேர்த்து அவர் கணக்கில் எழுதிவிட்டோம்.

ஐசன்ஹோவரின் முழங்காலை தோர்ப் உடைத்தார் என்பதும் இந்த வகைதான். அவர் முழங்கால் போனது அடுத்த வாரம் டஃப்ட்ஸ் அணியோடு ஆடும்போது. ஹார்வர்டு ஆட்டத்திலும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர்கள் முதலில் மாற்று ஆட்டக்காரர்களைத்தான் இறக்கினார்கள்.

லீஹை நதிக்கரை:
மாற்று ஆட்டக்காரர்களை இறக்கினது கார்லைலை அலட்சியமாக நினைத்ததால். அது யார் குற்றம்? பிற்பகுதியில் முதல் வரிசை ஆட்கள் வந்தும் தோற்றார்கள் அல்லவா?

ஆர்காசா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. முழங்கால் கதையை நானும் ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் பாருங்கள், எதிரணி முழுதும் தோர்ப் ஒருவரையே குறிவைத்து ஓடும்போதுதான் ஆர்காசாவுக்கு வழி கிடைக்கிறது. அந்த உதவிக்குப் புள்ளிவிவரத்தில் இன்றும் இடம் கிடையாது.

ஓஹையோ மாமா:
இரண்டு பேரும் கல்லூரியிலேயே நிற்கிறீர்கள். எனக்கு அவருடைய இடம் வேறு. நான் இருப்பது கான்டனிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில். 1915-இல் கான்டன் புல்டாக்ஸ் அணி அவரை ஓர் ஆட்டத்துக்கு 250 டாலர் கொடுத்து அழைத்து வந்தது. அதுவரை பணத்துக்கு ஆடும் ஃபுட்பாலை யாரும் மதித்ததில்லை. இவர் வந்தபின் கூட்டம் வந்தது. 1920-இல் அதே ஊரில் ஒரு கார் விற்பனைக் கடையில் உட்கார்ந்து அணிக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தபோது, முதல் தலைவராக வைத்தது இவரைத்தான். 1922-இல் அது என்.எஃப்.எல். என்று பெயர் மாற்றிக்கொண்டது, இன்றைய பெரிய தொழில்முறை லீக் அதுதான். அவரது மரபு என்றால் அது இதுதான், கல்லூரி ஆட்டம் அதற்கு முன்னுரை.

ஒலிம்பிக் விஷயத்தில் எனக்கு இரக்கம் கிடையாது. 1912 ஸ்டாக்ஹோமில் பென்டத்லான் (ஐந்து தடகளப் போட்டி சேர்ந்தது), டெகத்லான் (பத்து சேர்ந்தது) இரண்டிலும் தங்கம். அதற்கு முன் 1909, 1910 கோடையில் வட கரோலினாவில் காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார். பணம் வாங்கினவர் ஒலிம்பிக்கில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. 1913-இல் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். விதி தெரியாது என்று யாரும் தப்பிக்க முடியாது.

செவ்வந்தி:
மாமா, விதி என்று ஆரம்பித்தீர்கள், அந்த விதிப் புத்தகத்தை முழுதும் திறப்போம். ஸ்டாக்ஹோம் போட்டி விதிகளின்படி ஒருவரின் தகுதியை எதிர்த்து மனு கொடுக்க 30 நாள் அவகாசம். போட்டி நடந்தது 1912 ஜூலையில். செய்தி வெளியானது 1913 ஜனவரியில். ஆறு மாதம் கழித்துப் பிடுங்கினது எந்த விதியில் வருகிறது?

அந்தக் காலத்தில் கல்லூரிப் பையன்கள் கோடையில் பேஸ்பால் ஆடிக் காசு பார்ப்பது சாதாரணம். விவரம் தெரிந்தவர்கள் பொய்ப் பெயரில் ஆடினார்கள். இவர் சொந்தப் பெயரில் ஆடினார். ஒளிக்க வேண்டிய காரியம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கார்லைல் கோச் பாப் வார்னருக்குத் தெரியாமல் தன்னுடைய மிகச் சிறந்த ஆட்டக்காரர் இரண்டு ஆண்டு காணாமல் போயிருப்பாரா? தான் ஒரு எளிய இந்தியப் பள்ளி மாணவன், இதெல்லாம் தெரியாது என்று தோர்ப் பெயரில் போன மன்னிப்புக் கடிதத்தை எழுதிக் கொடுத்தது வார்னர்தான் என்று பலர் கருதுகிறார்கள். படிக்கும்போது வயிறு எரிகிறது.

தோல்பந்துக்கு ஒரு வார்த்தை. கார்லைல் கல்லூரி அல்ல என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். அது என்ன இடம் என்றும் சொல்லுங்கள். 1879-இல் ரிச்சர்டு பிராட் என்ற ராணுவ அதிகாரி தொடங்கியது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்து, பெயரை மாற்றினார்கள். “இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்று” என்பது அவர் கொள்கை. அங்கேயே இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் நூற்றுக்கும் மேல் இன்னும் இருக்கின்றன. 2017-இல்தான் சிலரின் எலும்புகள் சொந்த ஊருக்குத் திரும்பத் தொடங்கின. அந்த இடத்தின் பெயரைப் பத்திரிகையில் ஏற்றி வைத்தது ஃபுட்பால்.

தோல்பந்து:
செவ்வந்தி, நீங்கள் எழுதினதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் நான் கேட்டது ஆட்டத்தைப் பற்றி. அவருக்கு நடந்த அநியாயம் பெரியது என்பதால் அவர் ஆட்டமும் பெரியது என்றால் அது ஞாயமான அளவுகோலா? இரக்கத்தை மதிப்பெண்ணாக மாற்றினால் அது அவருக்கே மரியாதைக் குறைவு என்று நினைக்கிறேன்.

செவ்வந்தி:
மதிப்பெண் போடச் சொல்லவில்லை. நீங்களும் லீஹை அண்ணனும் எதிரெதிராக நின்றாலும் ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் இருக்கிறீர்கள். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஐசன்ஹோவர் பிற்காலத்தில் தோர்ப்பைப் புகழ்ந்தபோது, அவர் வாழ்நாளில் பயிற்சியே செய்ததில்லை, ஆனாலும் தான் பார்த்த எவரையும்விட எதையும் நன்றாகச் செய்வார் என்ற பொருளில் பேசினார். எல்லோரும் இதை ஆசையாக எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு இது புகழாகவே தெரியவில்லை. ஹார்வர்டு பையன் ஜெயித்தால் உழைப்பு, மூளை. பூர்வகுடிப் பையன் ஜெயித்தால் பிறவிக் குணம், காட்டில் வளர்ந்த வேகம். அன்றைய பத்திரிகைகள் முழுக்க இந்தத் தொனிதான். வார்னரின் அணி எப்படிப்பட்ட அணி? எடையில் எதிரணியைவிடக் குறைந்தவர்கள். 1906-இல் முன்னோக்கி எறியும் பாஸ் அனுமதிக்கப்பட்டதும், அடுத்த ஆண்டே அதைப் பெரிய ஆயுதமாக்கிப் பென்சில்வேனியாவை 26–6 என்று சுருட்டினவர்கள். நாட்கணக்கில் ஒத்திகை பார்க்காமல் அதைச் செய்ய முடியாது. பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு எழும்போது உதைக்கும் டிராப் கிக்கைப் பயிற்சி இல்லாமல் ஒருவர் ஹார்வர்டு மைதானத்தில் அடிப்பாரா? “பிறவி வீரன்” என்ற பட்டம் அவருடைய உழைப்பையே அவரிடமிருந்து எடுத்துவிட்டது. பதக்கத்தை எடுத்தது ஒருமுறை. இது இன்றைக்கும் நடக்கிறது.

லீஹை நதிக்கரை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அந்த வாக்கியத்தைப் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இனிமேல் சொல்ல மாட்டேன்.

ஓஹையோ மாமா:
30 நாள் விஷயம் நான் யோசிக்காதது. விதியைப் பிடித்துக்கொண்டு பேசினவன் விதிக்கே கட்டுப்பட வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 1982-இல் ஒலிம்பிக் குழு திருப்பிக் கொடுத்துவிட்டதே? அத்தோடு தீர்ந்ததல்லவா?

செவ்வந்தி:
தீரவில்லை மாமா. 1982-இல் அவரை இணை வெற்றியாளர் என்றுதான் ஏற்றார்கள். இரண்டாம் இடத்திலிருந்து தங்கத்துக்கு உயர்த்தப்பட்டவர்கள் பெயரும் பக்கத்திலேயே இருந்தது. இத்தனைக்கும் டெகத்லானில் இரண்டாவதாக வந்த சுவீடன்காரர் ஹியூகோ வீஸ்லான்டர், அந்தத் தங்கம் தன்னுடையது என்று ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. தனி வெற்றியாளர் என்று எழுதினது 2022 ஜூலையில். மனிதர் 1953-லேயே போய்விட்டார்.

2021-லிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து வெளிப்படையாகச் சம்பாதிக்கிறார்கள். நல்லதுதான். 1914-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கார்லைலை விசாரித்தபோது விளையாட்டு நிதி எங்கெல்லாம் போனது என்பது வெளியே வந்தது. அந்த விசாரணையைக் கேட்டுக் கையெழுத்துத் திரட்டினவர்களில் முன்நின்றவர் அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச். கோச்சுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். கார்லைலின் வீரர் என்றால் எனக்கு முதலில் தோன்றும் முகம் அவருடையது.

லீஹை நதிக்கரை:
அவரது உடலைப் பற்றி யாரும் பேசவில்லையே. பென்சில்வேனியாவில், என் வீட்டிலிருந்து 40 நிமிடத்தில் ஜிம் தோர்ப் என்றே ஓர் ஊர் இருக்கிறது. முன்பு மாக் சங்க், கிழக்கு மாக் சங்க் என்று இரண்டு ஊர். நிலக்கரி வருமானம் போய் நொடித்துக் கிடந்த நேரம். அவர் இறந்தபின் மூன்றாவது மனைவி உடலை அந்த ஊரோடு ஒப்பந்தம் பேசி ஒப்படைத்தார். 1954-இல் ஊர்கள் ஒன்றாகி அவர் பெயரை வைத்துக்கொண்டன. வாழும்போது அவர் கால்வைக்காத ஊர் என்றே சொல்கிறார்கள். சிவப்புக் கல் சமாதி, பக்கத்தில் சிலை, சொந்த ஓக்லஹோமா மண்ணும் ஸ்டாக்ஹோம் மைதானத்து மண்ணும் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் 2010-இல் வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் வென்று, 2014 மேல்முறையீட்டில் தோற்றார்கள். 2015-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஊர்க்காரர்கள் சுத்தமாக, மரியாதையாகப் பராமரிக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் சடங்கு பாதியில் நிற்க, சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஓக்லஹோமாவில் உடலை எடுத்துப் போனார்கள் என்று தெரிந்தபிறகு என்னால் அங்கே நிம்மதியாக நிற்க முடியவில்லை.

ஓஹையோ மாமா:
ஊர் வாக்குக் கொடுத்தது, வாக்கைக் காப்பாற்றியது. 70 ஆண்டு பூ வைத்தவர்களை விரட்டச் சொல்வீர்களா?

செவ்வந்தி:
விரட்ட வேண்டாம் மாமா. ஊர் பெயரை வைத்துக்கொள்ளட்டும், சிலையும் இருக்கட்டும். பெற்ற பிள்ளைகள் கேட்டபோது உடலைக் கொடுத்திருக்கலாம்.

தோல்பந்து:
நான் இன்னும் கிரேஞ்சின் பக்கம்தான். அந்த 12 நிமிடத்துக்கு இணையாக ஒன்றை யாரும் எனக்குக் காட்டவில்லை. ஆனால் “கல்லூரி அல்ல” என்று முதலில் எழுதினேனே, அதை ஒரு குறை போல எழுதினேன். அந்த வரியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

லீஹை அண்ணே, கார்லைல் வளாகம் இப்போது ராணுவப் போர்க் கல்லூரி. அவர்கள் ஓடிய பழைய மைதானம் உள்ளே இன்னும் இருக்கிறது. நீங்கள் எப்போது கிளம்பினாலும் சொல்லுங்கள், நானும் வருகிறேன். ஆர்காசா, வெல்ச், அதே அணியில் ஆடிய ஜோ கையன் பெயர்கள் அங்கே எங்காவது பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.