மறுமொழி: ‘குளிர்நிலை அழுத்தம்’ வேண்டாம், ‘ஆறல் அழுத்தம்’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். டயர் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் இழையில், ‘கோல்ட் பிரஷர்’ (ஓடிய சூடு இல்லாதபோது டயரில் அளக்கும் அழுத்தம்) பற்றி நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> டயர் பற்றிய சொற்களில் ‘கோல்ட் பிரஷர்’ என்பதற்குக் ‘குளிர்நிலை அழுத்தம்’ என்று போட்டுவிடலாம். நேரான சொல், எல்லோருக்கும் புரியும்.

புரியாது என்பதுதான் நான் கண்டது. போன சித்திரையில் சேலத்திலிருந்து கோயம்புத்தூருக்கு 544ஆம் எண் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம். வண்டி என் மச்சானுடையது, ஓட்டியதும் அவர்தான். பெருந்துறை தாண்டி ஒரு பங்க்கில் டீசல் போட்டுவிட்டு, காற்றையும் பார்த்துவிடலாம் என்றார். மணி இரண்டு. தார் ரோடு கொதித்துக் கிடந்தது. மானியில் 37 பிஎஸ்ஐ (டயர் அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டியது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பிடிக்க வேண்டிய அழுத்தம் 33 என்றிருந்தது. “நாலு கூட நிக்குது, எறக்கிருப்பா” என்றார். பையன் வால்வு ஊசியை அழுத்தி, நாலு சக்கரத்திலும் 33 வரும்வரை காற்றைத் திறந்துவிட்டான். மறுநாள் விடிகாலையில் வாசலில் நின்ற வண்டிக்கு என் கைமானியை வைத்துப் பார்த்தேன். 29.

மச்சான் கவனக்குறைவான ஆள் இல்லை. வண்டியோடு வந்த கையேட்டை வரி வரியாகப் படித்தவர். அதில் ‘டயர்கள் குளிர்ந்திருக்கும்போது சரிபார்க்கவும்’ என்று தமிழில்தான் இருந்தது. “நம்மூர்ல எப்ப மாப்ள டயரு குளுந்துச்சு? அது பனி கொட்டற ஊருக்கு எழுதுனதுன்னு உட்டுட்டேன்” என்றார். குறை அவரிடம் இல்லை, அந்தச் சொல்லில் இருக்கிறது.

குறைந்த காற்றைப் பிடிக்க அன்று காலை எங்கள் ஊர் பஞ்சர் கடைக்குப் போனோம். நடந்ததைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் சொன்னார்: “ஓடுன சூட்டுல எறக்கப்படாதுங்க. டயரு ஆறோணும். ஆறுனதுக்கப்பறம் பாத்தாத்தானுங்க கணக்கு.” நாம் இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கும் சொல் இதுதான் என்று அதை நினைக்கும்போது எனக்குப் படுகிறது.

தமிழில் ஆறுவது வேறு, குளிர்வது வேறு. சோறு ஆறிவிட்டது என்றால் அது சில்லிட்டுப் போனதாகப் பொருள் இல்லை. அடுப்பின் சூடு தணிந்து, அறையில் இருக்கும் வெதுப்புக்கு வந்துவிட்டது என்றே கொள்கிறோம். வெந்நீரை ஆற வைக்கிறோம். மண்பானையில் ஊற்றினால்தான் அது குளிர்கிறது. டயர்க்காரர்கள் ‘கோல்ட்’ என்று சொல்வது இந்த முதல் நிலையைத்தான். ஓட்டத்தில் ஏறிய சூடும், ஒரு பக்கமாக வெயிலில் நின்று ஏறிய சூடும் போயிருக்க வேண்டும், அவ்வளவே. ஊட்டியில் ஜனவரி விடியலில் டயர் ஆறியும் இருக்கும், குளிர்ந்தும் இருக்கும். பொள்ளாச்சியில் மே மாத விடியலில் ஆறியிருக்கும், ஆனால் குளிர்ந்திருக்காது. இரண்டு இடத்திலும் ஸ்டிக்கரில் உள்ள அதே எண்ணைத்தான் பார்த்து வைக்கிறோம். ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதை நம் மொழி என்றைக்கோ இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ‘குளிர்’ என்று எழுதுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொன்று, ‘ஆறு’ என்ற வினைக்குள்ளேயே பொறுத்திருப்பதும் அடங்கியிருக்கிறது. ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கக் கூடாதா என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வண்டி நின்று மூன்று மணி நேரம் ஆக வேண்டும் என்ற விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நான் போன மடலில் முன்வைத்தது ‘ஆறல் காற்றளவு’. காத்து எவ்வளவு, காத்து பாக்கோணும், காத்து கம்மி என்றுதானே நம் பக்கம் பேசுகிறோம் என்ற எண்ணம். அதற்கு இயற்பியல் ஆசிரியரான நண்பர் இப்படி எழுதினார்:

> டயர் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறுவதில்லை. அழுத்தம்தான் மாறுகிறது. ‘அளவு’ என்றால் அந்த வேறுபாடே அழிந்துவிடும்.

முழுக்கச் சரி. 5, 6 டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும், உள்ளே புதிதாக ஒரு பொட்டுக் காற்றும் சேராது. மச்சானின் 37 அப்படி வந்ததுதான். இறக்கியபோதுதான் உண்மையில் காற்றே போனது. அதோடு விட்டிருந்தால் இன்னும் மோசம்: காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி மடங்கி நிமிரும், அதில் இன்னும் சூடேறும், கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆகவே ‘காற்றளவு’ என்பதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ‘அழுத்தம்’ இருக்கட்டும். ‘காற்றழுத்தம்’ என்று நீட்டினால் வானிலைச் செய்தியின் தாழ்வு மண்டலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

‘ஆறுநிலை அழுத்தம்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆறு நிலைகள் என்று எண்ணாகப் படிக்க இடமிருக்கிறது. ‘ஆறிய அழுத்தம்’ என்றால் ஆறியது டயரா அழுத்தமா என்ற மயக்கம். ‘ஆறல் அழுத்தம்’ இரண்டுக்கும் தப்புகிறது. எழுத்துப்பிழையில் ஆரல் மீனாகிவிடும் என்ற அச்சத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டயரை ‘உருளிப்பட்டை’ ஆக்கும் யோசனை எனக்கு உவப்பாயில்லை. 1904இல் வேல்ஸில் உருவான உதிரிச் சக்கரம், அது பிறந்த ஸ்டெப்னி தெருவின் பெயரைச் சுமந்துகொண்டு வந்து நம் பட்டறைகளில் ‘ஸ்டெப்னி’யாகவே நிலைத்துவிட்டது. டயரும் அப்படியே இருக்கட்டும்.

பதிவுக்கு நான் எழுதியிருப்பது:

ஆறல் அழுத்தம்: வண்டி குறைந்தது 3 மணி நேரம் நிழலில் நின்ற பிறகோ, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடாத நிலையிலோ டயரில் அளக்கும் அழுத்தம். கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள எண் இதையே குறிக்கும்.

சூட்டழுத்தம்: ஓடிய சூட்டில் அளக்கும் அழுத்தம். இதை வைத்துக் காற்றை இறக்கக் கூடாது.

உச்ச அழுத்தம்: டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண். அந்த டயர் தாங்கும் எல்லை இது, பிடிக்க வேண்டிய அழுத்தம் அன்று.

மூன்றாவதைத் தனிப் பதிவாகப் போடுவதா, முதலாவதன் கீழேயே குறிப்பாகச் சேர்ப்பதா என்று மட்டும் சொல்லுங்கள். பக்கச்சுவர் எண்ணைப் பார்த்துக் காற்றுப் பிடிப்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள் என்பதால், தனியாகவே இருக்கட்டும் என்பது என் விருப்பம்.