பைப் பெண்டுட முதுகில போடுற கொங்கிறீட்டுக்கு ஒரு தமிழ்ப்பேர்

எல்லாருக்கும் வணக்கம்,

தண்ணி பைப் வளையிற துண்டு (பெண்டு) பிரஷருக்குக் கழண்டு போகாம முட்டுக் குடுக்கிற கொங்கிறீட்டுக்கு "திரஸ்ட் புளொக்" எண்டு பேர், அதுக்குத் தமிழ் என்ன எண்டு நம்மட அகராதிக்காகப் போன கிழமை கேட்டிருந்தன். இதுவரைக்கும் வந்தது மூணு: உந்துவிசைத் தடுப்பான், தள்ளுவிசைத் தாங்கற்கட்டை, முட்டுக்கட்டை. எழுதின எல்லாருக்கும் நன்றி, ஆனா முதல் ரெண்டையும் ஒருக்கா சைட்ல நிண்டு மேசனுக்குக் கத்திச் சொல்லிப் பாருங்க, சொல்லி முடியிறதுக்குள்ள சீமெந்து இறுகிரும். முட்டுக்கட்டை நல்ல சொல்லுதான், என்ன செய்ய, "எல்லாத்துக்கும் அவன்தான் முட்டுக்கட்டை" எண்டு சொல்லிச் சொல்லியே அந்தச் சொல்லக் கெடுத்துப்போட்டம். நல்ல காரியத்துக்கு இனி அது உதவாது.

நான் ஏன் இதுல இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறன் எண்டா, பிழையான சொல்லொண்டால வந்த வினைய நேர பார்த்தவன், அந்தச் சொல்ல எழுதினதும் நான்தான். கொஞ்சக் காலத்துக்கு முதல் அம்பாறைப் பக்கம் ஒரு நெல்லு மில்லுக்கு நெருப்புக்கான தண்ணி லைன் போட்டம். டேங்க், பம்ப், அங்கிருந்து நிலத்துக்குக் கீழால வளவச் சுத்தி 160 மில்லிமீட்டர் பி.வி.சி. பைப், இடையில இடையில ஹைட்ரன்ட் (நெருப்பணைக்க ஹோஸ் மாட்டுற வாய்). மில்லுல உமிக்குவியல் பத்தினா மேலால வாளியில ஊத்தி ஒண்டும் நடக்காது, உள்ளுக்குள்ள நாள்கணக்கா புகைஞ்சு கெடக்கும், அதக் கிளறிக் கிளறி அடிக்கத் தண்ணி நிறைய வேணும். ட்ரோயிங் எல்லாம் இங்கிலீசு, அதால வேலைக்காரருக்கு நான் தமிழ்ல ஒரு தாள் எழுதிக் குடுத்தன். அதுல "எல்லா பெண்டுக்கும் தள்ளுவிசைத் தடுப்பு கட்டாயம்" எண்டு போட்டிருந்தன். எழுதக்கொள்ள பெருமையாத்தான் இருந்திச்சு.

மேசன் மாமா அத வாசிச்சார். மணல் கிடங்கு, வெட்ட வெட்ட ஓரம் சரிஞ்சு விழுது, பெண்டுட உள்மூலையிலதான் கூட. "தடுப்பு" எண்டா மண் சரியாமத் தடுக்கிறதுதானே எண்டு நினைச்சு அந்த உள்மூலையில கொங்கிறீட் போட்டுட்டார். மட்டம் பிடிச்சு, கரண்டியால தேச்சு, ஓரத்துல திகதியும் கீறி, அவ்வளவு வடிவு. நானும் மேலால பார்த்துட்டு சரி எண்டுட்டன், அது என்ட பிழை, ஆர்ர தலையிலயும் போடல்ல.

மறுகா டெஸ்ட். அமெரிக்காக்காரன்ட என்.எஃப்.பி.ஏ. 24 எண்ட விதிப்படி 200 பி.எஸ்.ஐ. (சதுர இஞ்சிக்கு இத்தினை இறாத்தல் எண்ட கணக்கு) பிரஷர், அத 2 மணித்தியாலம் பிடிச்சு வச்சிருக்க வேணும் (லைன்ட சாதாரண பிரஷரே 150க்கு மேல எண்டா அதோட 50 கூட்டி). பிரஷர் மீட்டர்ட ஊசி 150 தாண்டி ஏறக்கொள்ள மண்ணுக்குள்ள "டொம்" எண்டு ஒரு சத்தம், ஊசி விழுந்திட்டு, நாங்க ஓடிப்போய்ப் பார்த்தா கிடங்குல தண்ணி கலங்கிக் கொதிக்குது, பெண்டு பைப்ப விட்டுக் கழண்டு நாலு இஞ்சி வெளியால போய்க் கெடக்கு, மாமாட கொங்கிறீட் மட்டும் திகதியோட அசையாம நிக்குது. நல்லகாலம், கிடங்குக்குள்ள ஆரும் இறங்கி நிக்கல்ல.

தண்ணி ஓடினாத்தான் தள்ளும் எண்டு கனபேர் நினைக்கிற. அப்பிடியில்ல, ஓடாம நிண்டாலும் தள்ளும், பிரஷர்தான் கணக்கு. 160 பைப்புல 90 பாகை பெண்டு, 200 பி.எஸ்.ஐ. எண்டா, ரெண்டு பக்கத்தாலயும் தள்ளுறது சேர்ந்து வெளிமூலையப் பார்க்க 4 தொன் அளவில வரும். 60 கிலோ நெல்லு மூட்டையில அறுபத்தாறு, அறுபத்தேழு மூட்டையத் தூக்கிப் பெண்டுட உள்ளங்கையில வச்ச மாதிரி. சும்மா செருகின ஜொயின்ட் அதுக்கு நிக்குமா? அந்தப் பாரத்த வாங்கி மண்ணுக்குக் குடுக்கிறதுதான் இந்தக் கொங்கிறீட்ட வேலை, அதால அது பெண்டுட வெளிப்பக்கமும் வெட்டாத மண்ணும் நடுவில இருக்க வேணும். வெட்டி நிரப்பின மண்ணுல சாத்தினா மெத்தையில சாய்ஞ்ச கதைதான்.

ரெண்டாந்தரம் போடக்கொள்ள மாமா சொன்ன ஒரு வசனம் இன்னும் காதுக்குள்ள இரிக்கி: "தம்பி, பெண்டுட முதுகில போடு எண்டு எழுதியிருந்தா அண்டைக்கே போட்டிருப்பன்தானே." அதான் என்ட சொல்லு: முதுகுக்கட்டு. கிணத்துக்கட்டு எண்டு சொல்லுறமே, அந்தக் கட்டு. கேட்ட உடனே எங்க போடுற எண்டு தெரியுது. பைப் கிளை பிரியிற டீ ஜொயின்டுக்கும் முதுகு இரிக்கி, அடைச்ச முனைக்கும் முதுகு இரிக்கி, ஹைட்ரன்ட்ட அடிப்பெண்டுக்கும் இரிக்கி. விசை கிசை எல்லாம் என்ஜினியர்ட தலைவலி, அத மேசன்ட காதுல ஏத்தத் தேவல்ல.

கல்லடியிலிருந்து

*

தம்பி,

கதை நல்லாரிக்கி, சொல்லும் நல்லாரிக்கி, ஆனா அரைவாசிக்குத்தான் காணும். லைன் நேர வந்து ஒரு கானுக்குக் கீழால போறத்துக்காகக் குனியிது எண்டு வைங்க. அந்தப் பெண்டுட முதுகு எங்க பார்க்கிது? வானத்த. அங்க எந்த மண்ணுல சாத்தப்போறீங்க? அதுக்குக் கொங்கிறீட்டக் கீழ போட்டு, மேலால கம்பிப் பட்டி போட்டு பெண்ட இழுத்துப் பிடிக்கிற. உங்கட தாள வச்சுக்கொண்டு மேசன் பைப்புக்கு மேல ஒரு குவியல் கொட்டுவான், நீங்க மறுபடியும் "டொம்" கேப்பீங்க.

நான் படிப்பிச்ச ஆள், அதால பள்ளிக்கூடச் சொல்ல விடமாட்டன். நம்மட விஞ்ஞானப் புத்தகத்துல ஏழையும் பணக்காரனும் படிச்ச சொல்லு மேலுதைப்பு. மாரி காலத்துல கல்முனைக் கரையில பைப் போட்டவனுக்கு அது என்னெண்டு சொல்லத் தேவல்ல: 160 பைப் ஒரு மீட்டருக்கு 20 லீட்டர் தண்ணிய ஒதுக்குது, 6 மீட்டர்த் துண்டுக்கு 120 கிலோ, வெறும் பைப்பில அந்தப் பாரம் எங்க இரிக்கி? ராவைக்கு மழை பெஞ்சு கிடங்கு நிரம்பினா விடியக்கொள்ள லைன் வாழைத்தண்டு மாதிரி மிதந்து கெடக்கும். மண் போட்டு மூடு, இல்லாட்டி தண்ணி நிரப்பி வை எண்டு நான் எத்தினை பேரோட சண்டை பிடிச்சிருப்பன்.

அந்த உதைப்பேதான் இங்க பக்கவாட்டுல. அதால உதைதாங்கி. இடிதாங்கி, சுமைதாங்கி எல்லாம் இரிக்கிற மொழியில இது பிறத்தியா நிக்காது. மேல பார்த்தாலும் கீழ பார்த்தாலும் பொருந்தும்.

இன்னொண்டு. வாவிக்கரைச் சேத்துல உங்கட முதுகுக்கட்டும் சரிவராது, என்ட உதைதாங்கியும் சரிவராது. அந்த விதிப்புத்தகத்துப் பின்னிணைப்பில மண்ணுட தாங்கு சக்தி அட்டவணை பாருங்க, மணலுக்கு ஒரு சதுர அடிக்கு 4,000 இறாத்தல், சேத்துக்கு நேரா போட்டிரிக்கிற இலக்கம் 0.

அக்கரைப்பற்றிலிருந்து

*

காக்கா,

வானத்தப் பார்க்கிற பெண்டு நான் யோசிக்கல்ல, அடி சரியான இடத்துல விழுந்திட்டு. உதைதாங்கி எண்ட சொல்லையும் ரெண்டு மூணுதரம் வாயில போட்டுப் பார்த்தன், உருளுது. அகராதியில பொதுச்சொல்லா அதையே போடுவம். ஆனா உதைதாங்கி என்ன செய்யிற எண்டுதான் சொல்லுது, எங்க போடுற எண்டு சொல்லல்ல, எனக்குக் கை சுட்டது அங்கதான். அதால ட்ரோயிங்ல படுக்கைப் பெண்டுக்கு முதுகுக்கட்டு, குனியிற பெண்டுக்கு பாரக்கட்டு எண்டு எழுதப்போறன், ரெண்டும் உதைதாங்கிட பிள்ளையள். சேத்து நிலத்துக்கு கட்டே இல்ல, ஜொயின்டுகள இரும்புக் கம்பியால இழுத்துக் கட்டுற, இல்லாட்டி எச்.டி.பி.ஈ. எண்ட பிளாஸ்டிக் பைப்ப உருக்கி ஒட்டி ஒரே பைப்பா ஆக்கிற. அதுக்குப் பேர் வேற இழையில சண்டை பிடிப்பம்.

இப்ப தாள்ல இருக்கிற வசனம் இது, பிழை இருந்தா வெட்டுங்க: "முதுகுக்கட்டு: பெண்டுட முதுகுக்கும் வெட்டாத மண்ணுக்கும் நடுவில. சீமெந்து 1, மணல் 2½, கல்லு 5. மணல் நிலத்துல 160 பைப்ட 90 பெண்டுக்கு மண்ணுல படுற முகம் மூன்றரைச் சதுர அடிக்குக் குறையக்கூடாது. ஜொயின்ட மூடாத, ஒழுகினா கழட்ட வேணும்." அந்த மூன்றரை, 4 தொன்னுக்கு ஒண்டரை மடங்கு பாதுகாப்பு வச்சு, உங்கட 4,000 இறாத்தல் கணக்கில வந்தது. "வெட்டாத மண்" எண்டதுக்கு இன்னொரு அண்ணர் "இயல்நிலை மண்" எண்டு எழுதச் சொன்னார், நேத்து மேசன் மாமாட்ட ரெண்டையும் வாசிச்சுக் காட்டினன், இயல்நிலை எண்டா உப்பு மண்ணா எண்டு கேட்டார்.

கல்லடியிலிருந்து